ஹிபினி மலைகளில் முதல் ஸ்கீ பயணம்: புதிதாகப் போகிறவர்களுக்கு

ரஷ்யாவின் வடமேற்கு ஓரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, கோலா தீபகற்பத்தின் நடுவில் இருக்கின்றன ஹிபினி மலைகள். உயரத்தை மட்டும் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். எல்லாவற்றிலும் உயரமான யூதிச்வும்சோரே 1,200 மீட்டர்தான். ஆனால் மரங்கள் 400 மீட்டர் வாக்கிலேயே முடிந்துவிடும். அதற்கு மேலே மொட்டைச் சரிவு. அதற்கும் மேலே கிலோமீட்டர் கணக்கில் தட்டையான பீடபூமி. ஒதுங்கி நிற்க ஒரு பாறைகூட அமையாத இடங்கள் அங்கே நிறைய.

ரஷ்யாவில் பனிக்கால மலைப்பயணம் பழகுகிற பலருக்கு முதல் மலை இதுதான். ரயில் அடிவாரம்வரை வருகிறது. பக்கத்திலேயே கிரோவ்ஸ்க், அபாத்திதி என்று இரண்டு ஊர்கள். மலைக்கு உள்ளேயே மீட்புக் குழுவின் தளம். நீங்கள் முதல் தடவை போவதாக இருந்தால் நானும் இதையே சொல்வேன். உரால் மலைகளின் வடகோடியை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே குளிரைவிடக் காற்றுதான் ஆபத்து. வெதுவெதுப்பான நீரோட்டம் எட்டுகிற பேரண்ட்ஸ் கடல் அருகில் இருப்பதால், சைபீரியா அளவுக்கு இங்கே குளிர் இறங்குவதில்லை. மைனஸ் 10, மைனஸ் 15 சாதாரணம். மைனஸ் 30-ம் வந்துபோகும். ஆனால் புயலையும் அந்தக் கடல்தான் அனுப்புகிறது. மைனஸ் 15-ல் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்தோலுக்கு அது மைனஸ் 27. நொடிக்கு 20 மீட்டர் ஆனால் மைனஸ் 30-ஐத் தாண்டிவிடும், நேராக நிற்பதே பாடாகிவிடும். என்ன வாங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே திரும்புவது எல்லாவற்றையும் காற்றை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எந்த மாதம், எத்தனை நாள்

டிசம்பரில் பல நாட்கள் அங்கே சூரியன் எழுவதே இல்லை. ஜனவரியில் எழுந்தாலும் பகல் சுருக்கம். பிப்ரவரி புயல் மாதம். புதியவர்களுக்கு மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை பொருத்தம். பகல் 12 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும், பனி படிந்து இறுகியிருக்கும், கூடாரத்துக்குள் கொஞ்சமாவது சூடு தங்கும். ஏப்ரல் பிற்பாதியில் பனி உருகி ஈரமாகத் தொடங்கும். ஓடைகளின் மேல் கிடக்கும் பனிப்பாலங்களை அப்போது நம்ப முடியாது.

ரஷ்யாவில் ஸ்கீ பயணங்களுக்குக் கடின அளவு வைத்திருக்கிறார்கள். அதில் முதல் வகுப்புக்கே 6 நாள், 130 கிலோமீட்டர். முதல் பயணத்துக்கு அது வேண்டாம். ஊரில் 2 நாள், மலைக்குள் 4 நாள், கையிருப்பாக 1 நாள், ஆக ஒரு வாரம் போதும். அந்தக் கையிருப்பு நாளை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். மறுநாள் ரயில் டிக்கெட் இருக்கிறதே என்ற அவசரத்தில்தான் மோசமான வானிலையில் கணவாய் ஏறத் தோன்றும்.

கிளம்புவதற்கு முன்பு

கூட்டாளிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. நான்கு பேருக்குக் குறைந்து போகக் கூடாது. ஒருவருக்கு அடிபட்டால் அவரோடு ஒருவர் இருக்க வேண்டும், மற்ற இருவரும் சேர்ந்து உதவிக்குப் போக வேண்டும். பனிமலையில் தனி ஆளை எங்கும் அனுப்பக் கூடாது. நால்வரில் ஒருவராவது ஹிபினியைக் குளிர்காலத்தில் அறிந்தவராக இருக்கட்டும். அப்படி யாரும் இல்லையென்றால் கிரோவ்ஸ்கில் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். எல்லாரும் முதல் தடவை வருகிற குழு என்றால், எவ்வளவு உடல்பலம் இருந்தாலும், வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

இந்தியர்களுக்கு ரஷ்யாவின் மின்விசா கிடைக்கிறது. எந்த விமான நிலையம் வழியாக நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மருத்துவம் படிக்கப் போயிருக்கும் நம் மாணவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த Visa, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. அதனால் கையில் ரொக்கம் வேண்டும். காப்பீடு எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ரஷ்யாவுக்குச் செல்லுமா? மலையில் தேடி மீட்கும் செலவையும் ஏற்குமா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இப்போதைய சூழ்நிலையில் உங்கள் நாட்டு அரசு தரும் பயண அறிவுரையையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹிபினியின் ஒரு பகுதி 2018-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உங்கள் பாதை அதற்குள் போகிறது என்றால் பூங்கா விதிப்படி அனுமதி வாங்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசி போன்ற கருவிகள் எடுத்துப்போவதாக இருந்தால் அவற்றுக்கான ரஷ்ய விதிமுறையையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீட்புப் பணியைக் கவனிக்கும் ரஷ்ய அவசரநிலை அமைச்சகத்தில் குழுவைப் பதிவு செய்வது மிக முக்கியம். இணையத்திலேயே செய்யலாம், பயணத்துக்குக் குறைந்தது 10 வேலைநாள் முன்பு. பெயர்கள், பாதை, இரவு தங்கும் இடங்கள், திரும்பும் நாள் ஆகியவற்றைக் கேட்பார்கள். பயணம் முடிந்தது என்று எந்த நேரத்துக்குள் சொல்லப்போகிறீர்கள் என்பதையும் அதில் குறிக்க வேண்டும். அவசர அழைப்புக்கு எண் 112. பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது என்றே நினைத்துத் திட்டமிடுங்கள்.

என்ன எடுத்துப்போவது

இது லிஃப்ட்டில் ஏறிச் சறுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல. உங்கள் காலாலேயே ஏற வேண்டும். பூட்டை ஸ்கீயோடு பிணைத்து, குதிகால் தூக்க இடம் விடும் பைண்டிங், ஓரத்தில் உலோக விளிம்பு உள்ள ஸ்கீ, கணுக்காலைத் தாங்கும் பூட் மூன்றும் வேண்டும். பூட்டுக்குள் விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்டில் ரத்தம் ஓடாது, விரல் உறைந்துபோகும். முதல் தடவை எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்.

ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டையை அங்கே காமுஸ் என்பார்கள். முன்பு கலைமானின் கால் தோலில் செய்தார்கள், இப்போது நைலானிலும் மொஹேர் என்னும் ஆட்டு ரோமத்திலும் வருகிறது. ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். குளிரில் இதை ஒட்டுவது ஒரு கைவேலை. முதலில் ஸ்கீயின் அடியில் இருக்கும் ஐஸைச் சுரண்டிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். நுனி வளையத்தை மாட்டி, நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசியில் வால் கொக்கி. ஈரமோ பனித்தூளோ பசையில் பட்டுவிட்டால் அன்று முழுக்க ஒட்டாது. அதனால் கழற்றிய காமுஸைப் பையில் போடாமல் ஜாக்கெட்டுக்குள், வயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் பசை இளகியே இருக்கும். பசை கைவிட்டுவிட்டால் ஸ்கீயோடு சேர்த்துச் சுற்றிக்கட்ட ஒரு சுருள் டேப் சட்டைப்பையில் இருக்கட்டும்.

உடையைப் பொறுத்தவரை, நடக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். நின்றதும் அந்த வியர்வைதான் உங்களை உறைய வைக்கும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம். பறவையின் மென்சிறகு அடைத்த தடித்த டவுன் ஜாக்கெட் பையின் மேலேயே இருக்கட்டும், நின்ற அடுத்த நிமிடமே போட்டுக்கொள்ளலாம். முகமூடி, பனிக்கண்ணாடி, இரண்டு ஜோடி தடித்த மிட்டன் (நான்கு விரலும் ஒன்றாக நுழையும் கையுறை) கட்டாயம். மிட்டனைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். பீடபூமியில் கையை விட்டு நழுவிய மிட்டன் கண்ணெதிரே ஓடி மறைந்துவிடும், அந்தக் கையால் பிறகு கூடாரக் கயிறுகூடக் கட்ட முடியாது.

இவற்றோடு ஆளுக்கு ஒரு பனிச்சரிவு பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சிக்னலால் காட்டும் கருவி), பனிக்குள் குத்திப் பார்க்க ஒரு தேடுகோல், உலோகத் தலை கொண்ட ஒரு மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. காகித வரைபடமும் காந்த ஊசியும் எடுங்கள். அந்தப் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 15 பாகை கிழக்கே விலகிக் காட்டும். அதைத் திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டரில் 250 மீட்டருக்கு மேல் வழி தவறும். ஒரு கணவாய்க்கும் அதன் பக்கத்துச் செங்குத்துக்கும் இடையே அவ்வளவு தூரம்கூட இருக்காது. ஜிபிஎஸ் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் சாகும், உடம்போடு வையுங்கள்.

உணவில் அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. கொழுப்பும் இனிப்பும் நிறைய வேண்டும். ரஷ்யர்கள் கிரேச்கா என்னும் தானியத்தை வெண்ணெயோடு வேகவைத்துச் சாப்பிடுவார்கள், சைவர்களுக்கும் அது நன்றாக ஒத்துவரும். முந்திரி, பேரீச்சை, சாக்லேட் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கிச் சட்டைப்பையில் வைத்து மணிக்கொரு தடவை வாயில் போடுங்கள். முழு சாக்லேட் கட்டி உறைந்துவிட்டால் பல்லுக்கே ஆபத்து.

ஊரில் இரண்டு நாள்

மாஸ்கோவிலிருந்தும் பீட்டர்ஸ்பர்கிலிருந்தும் மூர்மன்ஸ்க் போகும் ரயில்கள் அபாத்திதியில் நிற்கும். அங்கிருந்து கிரோவ்ஸ்குக்குப் பேருந்து. மலைக்குள் போகும் முன்பு கிரோவ்ஸ்கில் இரண்டு நாள் தங்கச் சொல்வது ஓய்வுக்காக அல்ல. ஊரை ஒட்டிய ஐகுவாய்வென்சோர் மலையில் சறுக்குத்தளம் இருக்கிறது. முதுகில் முழுப் பையோடு அங்கே இறங்கிப் பாருங்கள். வெறும் முதுகோடு இறங்குவதும் 15 கிலோவோடு இறங்குவதும் வேறு வேறு. விழுந்தால் எழுவதும் பழக வேண்டும்: பையைக் கழற்றி, ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்து, அப்புறம் எழுந்திருங்கள்.

இரண்டாம் நாள் மதியத்தை பீக்கன் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒருவர் ஒரு பீக்கனைப் பையில் கட்டிப் புதைக்கட்டும், மற்றவர் தேடி எடுக்கட்டும். பனிக்குள் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன் பிறகு வாய்ப்பு வேகமாகச் சரியும். மீட்புப் படை அதற்குள் வர முடியாது. தேடி எடுப்பவர் உங்கள் கூட்டாளிதான். அதனால் குழுவில் ஒவ்வொருவரும் 5 நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கும்வரை இந்தப் பயிற்சியை விடாதீர்கள்.

உள்ளே போகும் வழி

கிரோவ்ஸ்கின் வடக்கே குகிஸ்வும்சோர் குடியிருப்பு, உள்ளூர் மக்கள் பேச்சில் "25-ஆம் கிலோமீட்டர்". பாதை அங்கே தொடங்குகிறது. பள்ளத்தாக்கு வழியாக, சாய்வு அதிகமில்லாத ஒரு கணவாயைக் கடந்து, சுமார் 20 கிலோமீட்டரில் குயெல்போர் வந்துசேரும். மீட்புக் குழுவின் தளம் இருப்பது இங்கேதான், தங்குவதற்கும் இடம் கிடைக்கும். முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பனிமோட்டார் வண்டிகள் ஓடி இறுகிய தடம் இருந்தால் ஒரே நாளில் போய்விடலாம். புதுப்பனியில் தடம் போட்டுக்கொண்டு போக வேண்டுமானால் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். அதனால் காலை வெளிச்சத்தோடு கிளம்புங்கள். கணவாயில் எதிரே வருபவர் தெரியாத அளவுக்குக் காற்று பனியைக் கிளப்பினால் ஊருக்கே திரும்பிவிடுங்கள், மறுநாள் போகலாம்.

சுற்றிலும் அபடைட் என்னும் உரத் தாதுவை எடுக்கும் சுரங்கங்கள் உண்டு. ராஸ்வும்சோர் பீடபூமி, யூக்ஸ்போர் பக்கமெல்லாம் சுரங்கப் பகுதிகள். எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் போகவே கூடாது. அங்கே பாறைக்கு வெடி வைப்பார்கள், பனிச்சரிவை வேண்டுமென்றே இறக்கவும் செய்வார்கள்.

குயெல்போரிலிருந்து தினமும் சிறிய பையோடு கிளம்பி மாலையில் திரும்பிவருவதுதான் முதல் பயணத்துக்கு ஏற்ற திட்டம். முதல் நாள் பள்ளத்தாக்கின் காட்டுக்குள்ளேயே சுற்றுங்கள். இரண்டாம் நாள், மீட்புக் குழுவினரிடம் கேட்டுவிட்டு, மரக்கோட்டுக்கு மேலே கொஞ்சம். அன்று இரவு வேண்டுமானால் தளத்துக்குப் பக்கத்திலேயே கூடாரத்தில் படுங்கள். தாங்கவில்லை என்றால் எழுந்து உள்ளே போய்விடலாம்.

பனிச்சரிவு

பயணம் தொடங்கும் அந்த 25-ஆம் கிலோமீட்டர் குடியிருப்பின் மேல்தான் 1935 டிசம்பர் 5-ஆம் தேதி யூக்ஸ்போரிலிருந்து பனிச்சரிவு இறங்கியது. 89 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். அதற்கடுத்த ஆண்டு அங்கே பனிச்சரிவைக் கண்காணிக்கவென்றே தனிப் பிரிவு அமைத்தார்கள், சோவியத் நாட்டில் அதுவே முதல்.

ஹிபினியில் இவ்வளவு பனிச்சரிவு வருவதற்கு மலையின் வடிவமே காரணம். மேலே தட்டையான பீடபூமி, ஓரத்தில் செங்குத்தாக வெட்டிய பள்ளம். வானத்திலிருந்து ஒரு துளி பனி விழாத நாளிலும் காற்று பீடபூமியைப் பெருக்கி, பனியைக் கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்தில் குவிக்கிறது. விளிம்பில் அது வெளியே நீட்டிய கூரையாகத் தொங்கும், அதன் அடியில் இறுகிய பலகையாகப் படியும். இந்தப் பலகைப் பனி நடக்க மிகவும் வசதியாக, உறுதியாகத் தெரியும். கீழே இருக்கும் பொடிப்பனியோடு அது ஒட்டியிருக்காது. ஒரு ஆளின் எடை பட்டதும் மொத்தமாகப் பிளந்து வழுக்கும்.

30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் கால் வைக்காதீர்கள், அப்படிப்பட்ட சரிவின் அடியிலும் நிற்காதீர்கள். கண் அளவை நம்பாமல் சாய்வுமானியால் அளந்து பாருங்கள். காற்று ஓய்ந்த மறுநாளும் காற்று மறைவுப் பக்கச் சரிவுகளுக்குப் போக வேண்டாம். ஸ்கீயை வைக்கும்போது "வும்ம்" என்று பனி அடங்கும் சத்தம் கேட்டாலோ, முன்னே விரிசல் ஓடினாலோ, வந்த தடத்திலேயே திரும்புங்கள். மேலே பீடபூமியில் நடப்பதாக இருந்தால் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியே நடங்கள். மேகம் இறங்கி வானமும் தரையும் ஒரே வெள்ளையான நேரத்தில் விளிம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. விளிம்பு என்று நினைத்த இடம் பெரும்பாலும் தொங்கும் பனிதான்.

திரும்பும் நேரம்

1973 ஜனவரியில், ஹிபினிக்குக் கிழக்கே இருக்கும் லொவோசெரோ மலைகளில், குய்பிஷேவ் விமானவியல் கல்லூரிக் குழுவினர் பத்துப் பேர் சிவ்ருவாய் பீடபூமியில் இறந்தார்கள். குய்பிஷேவ் இன்றைய சமாரா. அவர்கள் பனிச்சரிவில் சிக்கவில்லை. குறுகிய ஜனவரிப் பகலில் மேலே ஏறினார்கள், புயல் பிடித்துக்கொண்டது, காட்டுக்குள் இறங்கிச் சேர முடியாமல் குளிரில் உறைந்தார்கள். இளைஞர்கள், உடல் வலு உள்ளவர்கள். அந்தக் காற்றில் வலு உதவவில்லை.

ஆகவே தினமும் காலையில், கிளம்புவதற்கு முன்பு, எல்லாரும் கேட்கும்படி திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். மதியம் 1 மணி என்று வைத்துக்கொள்வோம். கணவாய் இன்னும் 100 மீட்டர்தான் இருந்தாலும் 1 மணிக்குத் திரும்ப வேண்டும். நேரத்தோடு காற்றுக்கும் ஒரு எல்லை வையுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் அதற்கு மேல் ஏறக் கூடாது. குழுவில் யாராவது ஒருவர் திரும்பலாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்பிவிடுங்கள். இந்த விதியை மாஸ்கோவிலேயே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும், காற்றில் நின்றுகொண்டு விவாதிக்க முடியாது. இறங்கும்போது எப்போதும் மரங்களை நோக்கி இறங்குங்கள். ஹிபினியில் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் காற்று பாதியாகக் குறைந்துவிடும், நெருப்புக்கும் வழி உண்டு.

கூடாரத்தில் ஓர் இரவு

கூடாரம் போடுவதற்கு முன்பு இடத்தை ஸ்கீயால் மிதித்து இறுக்கி, அரை மணி விட்டுவிடுங்கள், பனி கெட்டியாகிவிடும். காற்று வரும் பக்கம் பனிக்கட்டிகளை ரம்பத்தால் அறுத்து இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்புங்கள். பனியைப் பிடிக்காத சாதாரண ஆணிகளுக்குப் பதில் ஸ்கீயையும் கோலையும் புதைத்து அவற்றில் கயிற்றைக் கட்டலாம்.

தண்ணீருக்குப் பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெறும் பனியை மட்டும் வைத்தால் அடி தீய்ந்து, தண்ணீர் முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். உருக்கிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றித் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேல்பக்கம் படிவதால் மூடி உறையாது. கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் காற்றோட்டம் கட்டாயம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தலைவலியும் தூக்கமும் வந்தால் உடனே வெளியே வாருங்கள். ஈரச் சாக்ஸையும் கையுறையையும் உறக்கப்பைக்குள் வயிற்றின் மேல் வைத்துப் படுத்தால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும்.

ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ மெழுகு போன்ற வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது உறைபனிக் காயத்தின் தொடக்கம், அடிபட்டவருக்கு வலிக்காது. வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடேற்றுங்கள். பனியை வைத்துத் தேய்ப்பது தோலைக் கிழித்துவிடும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒருவர் பேச்சு குழறி, கால் தடுமாறி, தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர் சொல்வதை நம்பாதீர்கள். உடல் வெப்பம் இறங்குகிறது. நின்று, கூடாரம் விரித்து, உலர்ந்த உடை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

குயெல்போரிலிருந்து ஊருக்குத் திரும்பும் நாளையும் பயணநாளாகவே நினையுங்கள். களைப்பும் வீட்டு நினைப்பும் சேர்ந்து கவனத்தைக் குறைக்கும். 25-ஆம் கிலோமீட்டருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் அழைப்பு மீட்புப் பிரிவுக்கு: குழு முழுமையாகத் திரும்பிவிட்டது, பதிவை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் மறந்துவிட்டால், குறித்த நேரம் தாண்டியதும் உங்களைத் தேடி அவர்கள் அதே காற்றுக்குள் கிளம்ப வேண்டிவரும்.